பெரியநாயகியின் சிற்றூர்

(வானொலி மறையுரையிலிருந்து)



கிளியனூரிலிருந்து திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை தாண்டி விருத்தாசலம் சாலையில் போனால் மங்கலம்பேட்டை வரும். அதற்குப் பக்கத்தில்தான் கோணான்குப்பம். நம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துச் சிற்றூர். ஜனவரி மாதத் தேர்த் திருவிழாவுக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள்.

அங்கே மாதா தமிழ்ப் பெண்ணின் கோலத்தில், குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கிறார். பெயர் பெரியநாயகி. அந்த வட்டாரத்து மக்களின் வாயில் ஏற்கெனவே இருந்த பெயர் அது. விருத்தாசலம் சிவன் கோயில் அம்மனுக்கும் அதுவே பெயர். இப்படி உடுத்தி, இப்படிப் பெயரிட்டவர் வீரமாமுனிவர். இந்தச் சுரூபம் மணிலாவில் செய்யப்பட்டது என்பது மரபு. (நமது வேரித்தாஸ் தமிழ் நிகழ்ச்சிகள் ஒலித்ததும் அந்த மணிலாவிலிருந்துதான்.)

காட்டு வழியில் தவறிப்போன சுரூபம் பிள்ளையில்லாத முகாசாபரூர் கச்சிராயர் கைக்குக் கிடைத்தது, அவர் சிற்றாலயம் எழுப்பினார், பிள்ளையும் பிறந்தது என்று ஊரார் சொல்வார்கள். கச்சிராயர் இந்துக் குடும்பம். இன்றைக்கும் பிள்ளை வரம் கேட்டு எல்லா மதத்தாரும் வருகிறார்கள். உள்ளே வருகிறவரிடம் நீ யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

முனிவர் பிறந்த ஊரையும் சொல்ல வேண்டும். இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகிலுள்ள காஸ்திலியோனே. 1680இல் அங்கே பிறந்தார். கொள்ளைநோயாளிகளுக்குப் பணிசெய்து 1591இல் 23 வயதில் இறந்த புனித ஞானப்பிரகாசியாருக்கும் அதுவே சொந்த ஊர். 1859 ஜூன் 24 அன்று பக்கத்து ஊரான சோல்பெரினோவில் பெரும் போர் நடந்தது. காயம்பட்டவர்களை காஸ்திலியோனேக்குத் தூக்கி வந்து ஆலயத்துக்குள் கிடத்தினார்கள். ஊர்ப் பெண்கள், எதிரிப் படை, சொந்தப் படை என்று பிரிக்காமல், எல்லாரும் சகோதரர்களே என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள், கட்டுப் போட்டார்கள். அதைக் கண்ணால் கண்ட ஹென்றி துனாந்தின் முயற்சியில்தான் பிறகு செஞ்சிலுவைச் சங்கம் உருவானது.

முனிவரை நாம் தேம்பாவணிக்காகப் போற்றுகிறோம். சூசையப்பர்மேல் 3,615 பாடல்கள், சும்மாவா? ஆனால் பாட்டுக்கு முன்பே, பரதேசம் வந்தவர் நம் உடையை உடுத்தி, மாதாவையும் நம் வீட்டுப் பெண்ணாக்கினார்.

அந்த மாதாவின் தேர் சில ஊர்களில் காலனித் தெரு முனையோடு திரும்பிவிடுகிறது. தெரு குறுகல் என்பார்கள், மின்கம்பி தாழ்வு என்பார்கள். கச்சிராயர் வீட்டுக்குப் போகத் தயங்காதவர், ஞானஸ்நானம் பெற்ற தம் சொந்தப் பிள்ளைகளின் தெருவுக்கா தயங்குவார்? தயங்குவது தேரை இழுக்கும் நாம்தான். அடுத்த திருவிழாவுக்கு நம் பங்கில் தேர்ப் பாதை பேசக் கூடும்போது, முதலில் எந்தத் தெருவின் பெயரைச் சொல்லப்போகிறோம்?