ஓட்டில் விரிசல் விழுந்த பிறகு

"முட்டையில் ஓட்டை விழுந்து பத்து மணி நேரமாகிறது. உள்ளே கீச்சுச் சத்தம் கேட்கிறது, குஞ்சு வரக் காணோம். நாமே ஓட்டை உரித்துவிடலாமா?" என்று, வீட்டில் சின்ன இன்குபேட்டர் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் என் கைக்கு வருமுன்பே அந்தக் குஞ்சின் கதி தெரிந்திருக்கும். அடுத்த ஈட்டுக்காகச் சொல்கிறேன்: உரிக்காதீர்கள்.

கோழிக்கு 21 நாள் அடை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த நாட்களில் பெரும்பாலும் நுரையீரலுக்கு வேலையில்லை. ஓட்டின் உட்புறத்தை ஒட்டி, இரத்தக்குழாய்கள் பின்னிய ஒரு சவ்வு படர்ந்திருக்கும். ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே அதுதான் மூச்சு வாங்கித் தருகிறது. அதே துளைகளில் ஈரமும் கசிவதால் மழுங்கிய முனையில் காற்றறை நாளுக்கு நாள் பெரிதாகும். அவித்த முட்டையை உரித்தால் ஒரு பக்கம் குழிந்திருக்கிறதே, அந்த இடம்.

19-ஆம் நாள் வாக்கில் துளைகள் போதாமல் போகின்றன. இரத்தத்தில் கரியமில வாயு ஏறுகிறது. குஞ்சின் பிடரித் தசை வெட்டி இழுக்க, அலகு சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் நுழைகிறது. முதல் மூச்சு ஓட்டுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. மறுநாள் அலகின் நுனியிலுள்ள கூரிய முட்டைப்பல் ஓட்டில் விரிசல் விடுகிறது.

பிறகு ஒரே அமைதி. 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள் முழுக்க. என்னை எப்போதும் வியக்க வைப்பது இந்த இடைவேளைதான். பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போல உப்பிச் சுருங்காது. விறைப்பானது, அதன் காற்றுக்குழல்கள் மயிரிழையைவிட மெல்லியவை. மனிதக் குழந்தை ஓர் அழுகையில் மூச்சுக்கு மாறுவதுபோல இங்கே முடியாது. குழல்களிலுள்ள நீர் மெல்ல விலகி, காற்று மெல்ல ஏற வேண்டும். அதுவரை சவ்வு, நுரையீரல் இரண்டும் சேர்ந்தே மூச்சைச் சுமக்கின்றன. எங்கள் வீட்டில் மின்சாரம் வந்ததும் அம்மா அரிக்கேன் விளக்கை அணைத்துவிட மாட்டார். திரியைத் தணித்து வைப்பார். பல்பு நிலையாக எரிகிறது என்று தெரிந்தபின்தான் ஊதுவார். குஞ்சும் அப்படித்தான். மெல்ல மெல்லச் சவ்விலிருந்து இரத்தத்தை வாங்கிக்கொள்கிறது, மிச்ச மஞ்சள்கருவைத் தொப்புள் வழியே வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது.

எட்டு வயதில், அடைக்கூடையில் விரிசல் விட்ட முட்டை ஒன்றைப் பரிதாபப்பட்டு நகத்தால் உரித்தேன். மூன்றாவது சில்லு பெயர்ந்ததும் சவ்வில் சிவப்பாக ஒரு சொட்டு. பிறகு நிற்காமல் கசிந்தது. சாயங்காலத்துக்குள் குஞ்சு செத்துப்போனது. இன்னும் எரிந்துகொண்டிருந்த விளக்கை நான் அணைத்திருக்கிறேன்.

வயிற்றிலிருக்கும் அந்த மஞ்சள்கரு இரண்டு மூன்று நாள் தாங்கும் என்பதால்தான் பிறந்த குஞ்சுகளைத் தீனியில்லாமல் அட்டைப்பெட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்ப முடிகிறது. திருவிழாக் கடையில் சாயம் தோய்த்து விற்கிறார்களே, அவையும் அந்தக் கட்டுச்சோற்றில் உயிர் பிடித்திருப்பவைதான். குழந்தை கேட்டாலும் வாங்காதீர்கள்.

இன்குபேட்டரின் மூடியை அடிக்கடி திறந்து பார்ப்பதும் தவறு. ஈரம் போனால் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். தயாரானதும் அது தானே சுழன்று, ஓட்டைச் சுற்றிலும் கொத்தி, மூடிபோலத் தள்ளித் திறந்துவிடும். குஞ்சு காய்ந்து எழுந்தபின் அந்த ஓட்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உட்சவ்வில் வற்றிய குழாய்களின் தடம் இலை நரம்புபோல் ஓடியிருக்கும்.