வெளிநாட்டுப் போனும் அதன் பூட்டும்



2018ஆம் ஆண்டு எங்கள் பிரிவில் கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா கையில் போனோடு வந்தார். கனடாவில் இருக்கும் தம்பி, தான் பாவித்த போனை அனுப்பியிருந்தார். "நல்ல போனுதான் ஐயா, நம்ம சிம்ம மட்டும் எடுக்க மாட்டேங்குது" என்றார். அதற்குள் டவுன் கடை ஒன்றில் பூட்டைத் திறக்க மூவாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டார். ஆறு நாள் பேருக்கான காசு! போனும் திறக்கவில்லை, காசும் திரும்பவில்லை. உண்மையில் அவர் ஒரு சதமும் கொடுத்திருக்கத் தேவையில்லை.

இது என்ன பூட்டு?

சில நாடுகளில் தொலைபேசிக் கம்பனிகள் போனை விலை குறைத்தோ தவணைக்கோ கொடுக்கின்றன. வாங்கியவர் வேறு கம்பனிக்குப் போகாமல் இருக்க, தங்கள் சிம் மட்டும் வேலை செய்யும்படி பூட்டி விடுகின்றன. நாம் போனுக்குப் போடும் இரகசிய இலக்கம் வேறு, இது வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

கனடாவில் முன்பு இதைத் திறக்கக் கட்டணம் வாங்கினார்கள். பல கம்பனிகள் 50 டொலர் வரை கேட்டன. 2017 டிசம்பர் 1 முதல் அந்தக் கட்டணம் தடை. பழைய போனையும் கேட்டால் இலவசமாகத் திறந்து கொடுக்க வேண்டும். புதுப் போனைப் பூட்டாமலே விற்க வேண்டும். பிரித்தானியாவில் சுமார் 10 பவுண் வாங்கி வந்தார்கள். அங்கு 2021 டிசம்பர் 17 முதல் பூட்டிய போன் விற்கவே தடை. அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டைத் திறக்க இடம் கொடுத்தது. ஆனாலும் தவணை முழுவதும் கட்டிய பிறகே கம்பனிகள் பொதுவாகத் திறந்து கொடுக்கும்.

ஆகவே அந்தத் தம்பி தன் கம்பனியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே போதும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. போன் அனுப்பும் சொந்தக்காரரிடம், வேறு கம்பனி சிம் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

2. பூட்டு இருந்தால், போன் வாங்கிய கம்பனியிடம் அவரே கேட்கட்டும். போன் இங்கு வந்துவிட்டாலும் பரவாயில்லை. *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்கங்களை அவருக்கு எழுதி அனுப்புங்கள்.

3. கடையில் முற்பணம் கொடுக்காதீர்கள். சில போன்களில் பிழையான இலக்கத்தைப் பல தடவை அடித்தால் பூட்டு நிரந்தரமாகிவிடும்.

சந்தேகம் என்றால், காசு கொடுக்க முன் போனை எங்கள் நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.