இறுகும் மணற்கல், விரிசல் விட்ட வீடுகள்

நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் எரிவாயுக் கிணறுகள் மூடப்பட்டுவிட்டன. பாறை இன்னும் ஓயவில்லை.

2012 ஆகஸ்ட் 16, இரவு பத்தரை மணி. நெதர்லாந்தின் வடகோடியில், க்ரோனிங்கன் மாகாணத்தின் ஹுய்சிங்கே கிராமம் குலுங்கியது. ரிக்டர் அளவில் 3.6. இந்தியாவில் இந்த அளவு நடுக்கத்துக்குப் பத்திரிகைகளில் நாலு வரி கிடைத்தாலே அதிகம். ஆனால் ஹுய்சிங்கே அதிர்ச்சி ஒரு நாட்டின் எரிசக்திக் கொள்கையையே புரட்டிப் போட்டது. அந்த நடுக்கத்துக்குக் காரணம், மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் அரை நூற்றாண்டாக உறிஞ்சப்பட்டு வந்த மணற்கல்.

அந்த மணற்கல்லில் இருந்த புதையல் 1959-ல் ஸ்லோக்டரென் அருகே ஒரு விவசாய நிலத்தைத் துளையிட்டபோது தெரியவந்தது. ஷெல், எஸ்ஸோ ஆகியவற்றின் கூட்டு நிறுவனமான நாம் கண்டுபிடித்தது ஐரோப்பாவின் மிகப் பெரிய எரிவாயு வயல்களில் ஒன்று: சுமார் 2.8 லட்சம் கோடி கன மீட்டர். 1963-ல் உற்பத்தி தொடங்கியது. வீட்டு அடுப்புகள் கேஸுக்கு மாறின. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அரசுக்குக் கொட்டிய வருமானம் மட்டும் 36,000 கோடி யூரோவுக்கு மேல்.

மணற்கல் என்றால் கெட்டிப் பாறை என்றே நினைக்கிறோம். உண்மையில் அது இறுகிப்போன மணல். மணிகளுக்கு நடுவே நுண்ணிய இடைவெளிகள், அங்கேதான் கேஸ். மேலே 3,000 மீட்டர் பாறையும் மண்ணும் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பாரத்தை மணல் மணிகளும் அழுத்தத்தில் அடைபட்ட கேஸும் பல்லக்குத் தூக்கிகள் மாதிரி பகிர்ந்து சுமந்தன. தொடக்கத்தில் கேஸின் அழுத்தம் சுமார் 350 பார். அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல 350 மடங்கு. கிணறுகள் உறிஞ்ச உறிஞ்ச அது 100 பாருக்கும் கீழே இறங்கியது. ஒரு தூக்கி மெல்ல நழுவ, முழுப் பாரமும் மற்றவன் தோளில். மணிகளின் சுமை கிட்டத்தட்ட இரு மடங்கானது.

சுமை கூடினால் பாறை சுருங்கும். எவ்வளவு? ஏறக்குறைய 200 மீட்டர் தடிமனுள்ள அடுக்கில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள்தான். கேட்க அற்பம். ஆனால் தரைமட்டத்தில் இது வயலின் நடுப்பகுதியில் 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட தாழ்வு. கடல் மட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழேயும் கிடக்கும் நாட்டில் இது சாதாரணமல்ல. கால்வாய்களில் நீர்மட்டத்தை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. கூடுதல் பம்புகள் தேவைப்பட்டன. கரைகளை உயர்த்த வேண்டிவந்தது. இந்தச் செலவுகளை ஏற்பது பற்றி 1983-லேயே மாகாணத்துக்கும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலம் இறங்கும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நிலம் குலுங்கும் என்று சொன்னவரைத்தான் யாரும் ஏற்கவில்லை.

1986 டிசம்பரில் அஸென் நகரருகே மற்றொரு சிறு எரிவாயு வயலின் மேல் நிலம் அதிர்ந்தது. அந்த ஊரைச் சேர்ந்த புவியியலாளர் மீன்ட் வான் டெர் ஸ்லைஸ், கேஸ் எடுப்பதுதான் காரணம் என்றார். கேலிதான் பதிலாகக் கிடைத்தது. 1991-ல் க்ரோனிங்கன் வயலிலேயே முதல் நடுக்கம் பதிவானது. 1993-ல் வெளியான ஆய்வறிக்கை தொடர்பை ஒப்புக்கொண்டது. ஆனாலும், பெரிதாக ஒன்றும் ஆகாது என்ற தைரியம் அதிகாரிகளை விட்டுப் போகவில்லை.

அடுக்கு சமமாகச் சுருங்கியிருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கலாம். ஆனால் அதை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய பிளவுகள் துண்டுபோடுகின்றன. பிளவின் ஒரு பக்கம் மணற்கல், எதிர்ப்பக்கம் வேறு பாறை. அல்லது அதே மணற்கல், ஆனால் மேலேயோ கீழேயோ நகர்ந்தது. ஒரு பக்கம் இறங்கும், மறுபக்கம் அந்த அளவு இறங்காது. இழுபறி முற்றி, பிளவு சட்டென்று வழுக்கும். அதுவும் மூன்றே கிலோமீட்டர் ஆழத்தில். மேலே களிமண்ணும் சதுப்பு மண்ணும். அவை அதிர்வைப் பெருக்கும். அதற்கும் மேலே நடுக்கத்தை நினைத்தே பார்க்காமல் கட்டிய செங்கல் வீடுகள். 3.6-க்கு அத்தனை சுவர்கள் விரிசல் விட்டதில் ஆச்சரியம் என்ன?

2013 ஜனவரியில் சுரங்கக் கண்காணிப்பு அமைப்பு, உற்பத்தியைக் கூடிய சீக்கிரம் குறையுங்கள் என்றது. அதே ஆண்டில் உற்பத்தி சுமார் 5,400 கோடி கன மீட்டராக உயர்ந்தது! விரிசல் விட்ட வீட்டுக்காரர்கள் இதை மறக்கவில்லை.

பாறை எப்படிச் சுருங்குகிறது என்ற கேள்விக்கு நுட்பமான பதில் தந்தவர்கள் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். ஸீரைப் கிராமத்தருகே ஆழத்திலிருந்து எடுத்த மணற்கல் உருளைகளை அதே வெப்பத்திலும் அழுத்தத்திலும் நெருக்கிப் பார்த்தார்கள். சுருக்கத்தில் ஒரு பகுதி ஸ்பிரிங் போன்றது. சுமையை நீக்கினால் மீளும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மீளாதது. மணிகளுக்கு இடையே உள்ள மெல்லிய களிமண் படலங்கள் நசுங்குகின்றன, மணிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. நொறுங்குவதற்கு வெகு முன்பே இது தொடங்கிவிடுகிறது. இதைக் கணக்கில் சேர்க்காமல், பிளவுகளில் சேரும் ஆற்றலைச் சரியாக மதிப்பிட முடியாது.

கலிபோர்னியாவின் லாங் பீச் இதை முன்பே அனுபவித்தது. வில்மிங்டன் எண்ணெய் வயலின் மேல் துறைமுகப் பகுதி சுமார் 9 மீட்டர் இறங்கியது. 1950-களின் இறுதியில் தண்ணீரைப் பெருமளவில் உள்ளே செலுத்தத் தொடங்கிய பிறகே இறக்கம் நின்றது. இழந்த உயரத்தில் மிகச் சிறு பகுதியே திரும்பியது.

2018 ஜனவரியில் ஸீரைப்பில் 3.4 நடுக்கம். அதற்குப் பிறகுதான் அரசு முழு நிறுத்தம் என்ற முடிவுக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் நாடாளுமன்ற விசாரணைக் குழு, க்ரோனிங்கன் மக்களின் நலன் பல்லாண்டுகளாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டது என்று அறிக்கை தந்தது. அக்டோபர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. 2024 ஏப்ரலில் சட்டமே வாசலைப் பூட்டியது. சுமார் 45,000 கோடி கன மீட்டர் கேஸ் இன்னும் கீழேதான் இருக்கிறது.

ஆனால் பாறைக்குச் சட்டம் தெரியாது. வயலின் வெவ்வேறு பகுதிகளில் அழுத்தம் சமமாக இல்லை. மிச்சமிருக்கும் கேஸ், அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மெல்லப் பரவுகிறது. அது வெளியேறும் பகுதியில் மணற்கல் இன்னும் சுருங்குகிறது. சிறு நடுக்கங்கள் தொடர்ந்து பதிவாகின்றன. பரிசோதித்து, தேவைப்பட்டால் பலப்படுத்த வேண்டிய பட்டியலில் 27,000-க்கும் மேற்பட்ட முகவரிகள். பல வீடுகளில் சுவருக்கு முட்டுக் கொடுத்த மரக்கட்டைகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றன.