மெயினை ஆஃப் செய்தாலும் கரண்ட் வரும்! விளக்கு மாற்றும் முன் கவனியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து மேஜை போடுவார்கள். அதன் பிறகுதான் தலைக்கு மேலே உள்ள விளக்கு சரியில்லை என்பது தெரியும். மானிட்டரில் வெளிச்சம் பட்டுக் கண் கூசும். இல்லாவிட்டால் கீபோர்டில் உள்ள எழுத்தே தெரியாது. பழைய ஹோல்டரை எடுத்துவிட்டு ஒரு எல்.இ.டி. விளக்கை நாமே பொருத்திவிடலாம் என்று தோன்றும். இரண்டு வயர்களைக் கழற்றி இரண்டு வயர்களை மாட்டும் வேலைதான். ஆனால் இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இந்தச் சிறிய வேலையில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது.

யு.பி.எஸ். செய்வதை நினைத்துப் பாருங்கள்

கம்ப்யூட்டருடன் நீங்கள் வாங்கிய யு.பி.எஸ். என்ன செய்கிறது? கரண்ட் போனதும் கண் இமைக்கும் நேரத்திற்குள் பேட்டரிக்கு மாறி, கம்ப்யூட்டர் அணையாமல் பார்த்துக்கொள்கிறது. வீட்டு இன்வெர்ட்டரும் இதே வேலையைத்தான் லைட், ஃபேன்களுக்குச் செய்கிறது. 2008ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழகத்தில் நீண்ட மின்வெட்டு இருந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வந்தபோது திருவள்ளூர் மாவட்டத்தில் பல ஊர்கள் இருளில் கிடந்தன. ஆரணி, பெரியபாளையம், கும்மிடிப்பூண்டி பக்கம் இன்று சாதாரண வீடுகளில்கூட இன்வெர்ட்டரைப் பார்க்கலாம்.

மின்வாரியம் கரண்டை நிறுத்தியதா, நீங்கள் மெயினை ஆஃப் செய்தீர்களா என்று இன்வெர்ட்டருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் 'கரண்ட் போய்விட்டது' என்றே அது எடுத்துக்கொள்ளும். உடனே பேட்டரியிலிருந்து விளக்கு வயருக்குக் கரண்ட் கொடுக்கும். மெயினை ஆஃப் செய்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஸ்டூல் மேல் ஏறுபவர் தொடுவது உயிருள்ள வயரை.

பேட்டரி 12 வோல்ட்தானே என்று அலட்சியமாக இருக்கவேண்டாம். இன்வெர்ட்டர் அதைச் சுமார் 230 வோல்ட்டாக உயர்த்தித்தான் வெளியே அனுப்புகிறது. ஷாக்கிலிருந்து காப்பாற்ற வீடுகளில் வைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யை மட்டும் நம்பியும் இருக்கக்கூடாது. அது மெயின் போர்டில் இன்வெர்ட்டருக்கு முன்னால் இருந்தால், டிரிப் ஆனதும் இன்வெர்ட்டர் அதையும் மின்வெட்டு என்றே நினைத்து வேலையைத் தொடங்கிவிடும்.

ஸ்விட்ச் ஆஃப் மட்டும் போதாதா?

போதாது. ஸ்விட்ச் எப்போதும் பேஸ் வயரில் இருக்கவேண்டும். சில வீடுகளில் தவறுதலாக நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள். அங்கே ஸ்விட்ச்சை அணைத்தால் பல்ப் அணையும். ஆனால் ஹோல்டரில் கரண்ட் அப்படியே நிற்கும். ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்ப் மங்கலாக எரிகிறதா? அதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

செய்யவேண்டிய முறை

1. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்யவும். வேலையைப் பகலில், உடன் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யவும்.

2. கரண்ட் இருக்கும்போதே உங்கள் டெஸ்டர் அல்லது மல்ட்டி மீட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு பிளக் பாயின்ட்டில் சோதிக்கவும். மல்ட்டி மீட்டரை ஏ.சி. வோல்ட்டில், 230க்கு மேற்பட்ட அளவில் வைக்கவேண்டும்.

3. முதலில் இன்வெர்ட்டரின் முன்பக்க ஸ்விட்ச்சை ஆஃப் செய்யவும். இதோடு நிறுத்தக்கூடாது. பல மாடல்களில் இந்த ஸ்விட்ச் பேட்டரி சப்ளையை மட்டுமே நிறுத்தும். மெயின் கரண்ட் இன்வெர்ட்டர் வழியாக விளக்குக்குப் போய்க்கொண்டே இருக்கும். எனவே அடுத்து மெயின் ஸ்விட்ச்சையும் ஆஃப் செய்யவும். இன்வெர்ட்டர் பிளக்கில் மாட்டியிருந்தால் அதைக் கழற்றி வைக்கவும். மெயினை யாரும் போட்டுவிடாமல் அங்கே ஒரு சீட்டு ஒட்டவும்.

4. விளக்கு ஸ்விட்ச்சைப் போட்டுப் பார்க்கவும். பிறகு சீலிங் ரோஸின் மூடியைத் திறந்து, வயரைக் கையால் தொடாமல், சிவப்பு-கறுப்பு, சிவப்பு-பச்சை, கறுப்பு-பச்சை என்று ஒவ்வொரு ஜோடியையும் மீட்டரில் சோதிக்கவும். எதிலும் வோல்ட்டேஜ் இருக்கக்கூடாது. நியான் டெஸ்டரை மட்டும் நம்பவேண்டாம். காய்ந்த மர ஸ்டூல் மேல் நின்றால் கரண்ட் இருந்தும் அது எரியாமல் போகலாம்.

5. வயர்களைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளவும். பேஸ், நியூட்ரல், எர்த் தவிர வேறு வயர்கள் தெரிந்தால் மூடியை மூடிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவும்.

6. நிறங்களைக் கவனிக்கவும். நம் வீட்டு வயரிங்கில் பொதுவாகப் பேஸ் சிவப்பு, மஞ்சள் அல்லது நீலம், நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. ஆனால் கம்ப்யூட்டர் பவர் கார்டிலும் பல புதிய விளக்குகளிலும் பேஸ் பிரவுன், நியூட்ரல் நீலம், எர்த் பச்சை-மஞ்சள். ஆக, நீலம் என்பது சுவரில் பேஸாகவும் விளக்கில் நியூட்ரலாகவும் இருக்கலாம். விளக்குடன் வரும் படத்தைப் பார்த்தே இணைக்கவும்.

7. வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல் கனெக்டரில் திருகி இணைக்கவும். செம்புக் கம்பி வெளியே தெரியக்கூடாது. ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பார்க்கவும். உலோக உடல் கொண்ட விளக்காக இருந்து, எர்த் முனையும் இருந்தால் பச்சை வயரைக் கட்டாயம் இணைக்கவேண்டும்.

8. மூடியைப் பொருத்திய பிறகு மெயினைப் போடவும், அதன்பின் இன்வெர்ட்டர். எம்.சி.பி. விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிடவேண்டாம். எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம்.

எதுவரை நாம் செய்யலாம்?

விளக்கு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் போன்றவற்றை அதே திறனில் மாற்றிக்கொள்ள வீட்டுக்காரருக்கு அனுமதி உண்டு. மற்ற வயரிங் வேலைகளை லைசென்ஸ் பெற்ற ஒப்பந்ததாரரே செய்யவேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி சொன்னது. மத்திய மின்சார ஆணையம் 2010இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளிலும் இதே நிலைதான் இருந்தது. எனவே பழைய விளக்கு இருந்த இடத்தில் புதியதை மாட்டலாம். கம்ப்யூட்டர் மேஜைக்கு நேர் மேலே புதிய பாயின்ட் வேண்டும் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே சரி. வயரின் பிளாஸ்டிக் உறை கருகியோ நொறுங்கியோ இருந்தாலும் அப்படித்தான்.

நீங்களே விளக்கு மாற்றப் போவதில்லை என்றாலும் இன்றே ஒரு வேலை செய்யலாம். 'இந்த வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, அதையும் ஆஃப் செய்யவும்' என்று ஒரு தாளில் எழுதி மெயின் போர்டில் ஒட்டிவிடுங்கள். நாளை உங்கள் வீட்டில் ஃபேனைக் கழற்ற வருபவருக்கு இன்வெர்ட்டர் எந்த அறையில் இருக்கிறது என்பது தெரியாது.