வெட்டியும் அழியாத காடு

மரங்களை வெட்டினால் காடு அழிந்துவிடும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், நூறாண்டுகளுக்கும் மேலாக மரங்கள் வெட்டப்பட்டும் இன்றுவரை காடாகவே நிலைத்திருக்கும் இடம் ஒன்று நம் நாட்டில் உள்ளது. அதுதான் பேராக் மாநிலத்தின் மாத்தாங் அலையாத்திக் காடு.

ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புள்ள இக்காடு, 1902ஆம் ஆண்டு முதல் முறையாக நிருவகிக்கப்பட்டு வருகிறது. இங்கு மிகுதியாக வளரும் பாக்காவ் மரங்கள் கரி தயாரிக்கவும் கட்டுமானக் கழிகளாகவும் பயன்படுகின்றன. அம்மரங்களின் வேர்களுக்கிடையே மீன், இறால், நண்டு ஆகியவற்றின் குஞ்சுகள் வளர்கின்றன. எனவே, இக்காடு அழிந்தால் கோலா செபெத்தாங்கின் கரிச்சூளைத் தொழிலாளர்கள் மட்டுமல்லர், மீனவர்களும் பிழைப்பை இழப்பர்.

காடு அழியாமல் இருப்பதற்கு எளிய கணக்கு ஒன்று உதவுகிறது. பாக்காவ் மரம் வெட்டுவதற்கேற்ப வளர 30 ஆண்டுகள் விடப்படுகிறது. வெட்டுவதற்குரிய காட்டை 30 பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியை மட்டும் வெட்டுவதாகக் கொள்வோம். கடைசிப் பகுதியை வெட்டி முடிக்கும்போது, முதற்பகுதி மீண்டும் வளர்ந்து நிற்கும். மாறாக, ஆண்டுக்கு இரண்டு பகுதிகளை வெட்டினால் என்னவாகும்? பதினைந்தே ஆண்டுகளில் முதற்பகுதிக்குத் திரும்ப நேரிடும். அங்கே இளமரங்களே நிற்கும். இன்று கிடைக்கும் கூடுதல் வருமானம் நாளைய இழப்பாகிவிடும்.

முப்பதாண்டுகளும் காடு கவனிக்கப்படாமல் விடப்படுவதில்லை. மரங்களுக்கு ஏறக்குறைய 15 வயதாகும்போது முதல் களைப்பு நடைபெறும். தொழிலாளர் நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றி 1.2 மீட்டர் நீளமுள்ள கோலால் அளப்பார். அந்த வட்டத்திற்குள் நிற்கும் பிற மரங்கள் கழிகளுக்காக வெட்டப்படும். ஏறக்குறைய 20 வயதில் 1.8 மீட்டர் கோலைக் கொண்டு இரண்டாம் களைப்பு நடைபெறும். இதனால், எஞ்சிய மரங்களுக்குப் போதிய ஒளியும் இடமும் கிடைக்கின்றன. அவை பருத்து வளர்கின்றன.

முழுமையாக வெட்டப்பட்ட பகுதியை மீட்டெடுப்பதே கடினமான பணி. பாக்காவ் விதை, தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து நீண்ட காய்போல் தொங்கும். முதிர்ந்ததும் சேற்றில் விழுந்து வேரூன்றும். இவ்வாறு தானாக முளைக்காத இடங்களில் மனிதர்களே நாற்று நடுகின்றனர். அங்கும் நண்டுகளும் குரங்குகளும் நாற்றுகளைச் சேதப்படுத்துகின்றன. பெரணிச் செடிகள் அடர்ந்து வளர்ந்தும் இடையூறு செய்கின்றன. நட்டுவிட்டால் மட்டும் போதாது. நாற்றுகள் பிழைத்தனவா என்று பார்த்து, பட்டுப்போன இடங்களில் மறுநடவு செய்ய வேண்டும். கரை அரிக்கப்படாமல் இருக்க, நீரோரத்தில் ஒரு வரிசை மரங்களை வெட்டாமல் விடுவதும் அவசியம்.

எனினும், இம்முறை குறையற்றது அன்று. நாற்று நடப்பட்ட பகுதிகளில் பெரும்பாலும் ஓரிரு வகை மரங்களே வளர்கின்றன. இயற்கைக் காட்டின் பல்வகைமையை அவை முழுமையாக ஈடுசெய்ய இயலாது. ஆகவே, பயன்பாட்டுக்குரிய காட்டோடு, கோடரியே படாத காடும் இருக்க வேண்டும்.

முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடுபவரின் செல்வம் குறைவதில்லை. காடும் அத்தகைய செல்வமே. அது வளரும் வேகத்தை மீறாமல் பயன்படுத்துவதே நீடித்த வன நிருவாகமாகும்.