விபத்துக்குப் பிறகு வண்டி ஓட்டவே பயமா? வி.ஆர். சிகிச்சை என்ன செய்யும்?

கால் எலும்பு கூடிடுச்சு. பைக்கும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்துடுச்சு. ஆனா, பின்னால் லாரி ஹாரன் கேட்டாலே கை நடுங்குது. ராத்திரி தூக்கத்தில் அந்த பிரேக் சத்தம் திரும்பத் திரும்ப வருது. மதுரை - திண்டுக்கல் - கரூர் நான்குவழிச் சாலையில் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு இது சம்பளப் பிரச்னையும்கூட.

இப்படி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையையே பாதித்தால், அது பி.டி.எஸ்.டி. என்ற மனநலப் பாதிப்பாக இருக்கலாம். சிக்கலே இங்கேதான். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தருகிறது. உண்மையிலேயே நல்ல திட்டம். ஆனால், மனசுக்குப் பட்ட காயத்துக்குப் பெயர் வைக்கவே ஒரு மாதம் ஆகிறது. அதற்குள் கட்டைப் பிரித்து, “அதான் பொழச்சிட்டியேப்பா” என்று ஊரே பேச்சை முடித்திருக்கும்.

ரோட்டைத் தவிர்க்கத் தவிர்க்க பயம் வளரும். அதனால், பயந்த விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைப்பது மனநல சிகிச்சையில் பழைய முறை. வி.ஆர். ஹெட்செட் அதற்கு ஒரு ரோட்டைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். முதலில் காலி ரோடு, அப்புறம் டிராஃபிக், அப்புறம் மழை, இருட்டு, எதிரே லாரி. படபடப்பு எல்லை மீறினால் சிகிச்சையாளர் காட்சியை நிறுத்திவிடலாம். நிஜ பைபாஸில் அது நடக்குமா?

பலன் உண்டா? 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், விபத்துக்குப் பின் கார் ஓட்டப் பயந்தவர்களை வி.ஆர். காட்சியோடு சாதாரண கார் ரேஸ் கேம்களையும் வைத்துப் பயிற்றுவித்தார்கள். 14 பேரில் 7 பேர்தான் காட்சியில் ஒன்றிப்போனார்கள். அவர்களுக்குப் பயம் குறைந்தது. 2007-ல் அமெரிக்க ஆய்வு ஒன்றில் 6 பேருக்கு 10 அமர்வுகள், அறிகுறிகள் குறைந்தன. நம்பிக்கை தருகிறது, ஆனால் எண்ணிக்கை ரொம்பச் சின்னது. இரண்டுமே கார் ஓட்டுகிறவர்களை மனதில் வைத்தவை. நம்ம ஊரில் அதிகம் அடிபடுவது பைக் ஓட்டுகிறவர்கள்தானே!

ஹெட்செட் கிடைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். அதிர்ச்சியை மையமாக வைத்துத் தரப்படும் பேச்சு சிகிச்சையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். 14416-க்கு எந்நேரமும் போன் செய்து தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. ஒன்று மட்டும்: யூடியூபில் விபத்து வீடியோக்களைப் போட்டுப் பார்த்து நீங்களே ‘பயத்தைப் போக்கிக்கிறேன்’ என்று இறங்காதீங்க. நிறுத்தச் சொல்ல பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார்.