முகாம் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

விடுமுறை நெருங்கினால் பிள்ளையின் பையில் ஒரு படிவம் வரும். மலையேற்றம், படகுப் பயிற்சி, கூடாரத்தில் இரவு, தலைமைப் பண்பு வளரும் என்ற உத்தரவாதம். அடியில் பொடி எழுத்தில், எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல என்று ஒரு வரி. அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம்.

இங்கிலாந்தின் லைம் ரீஜிஸில் இப்படியொரு தங்கும் பயிற்சி மையம் இருந்தது. 1993 மார்ச் 22 அன்று பிளிமத் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேர், ஓர் ஆசிரியர், இரண்டு பயிற்றுநர்கள் கயாக் படகுகளில் கடலில் இறங்கினார்கள். மதியத்துக்குள் முடியவேண்டிய பயணம். ஆசிரியரின் படகு திரும்பத் திரும்பக் கவிழ, ஒரு பயிற்றுநர் அவரோடு நின்றுவிட்டார். மற்றவர் பிள்ளைகளின் படகுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கவைத்தார். காற்று அந்தக் கும்பலைக் கரையிலிருந்து விலக்கிக்கொண்டே போனது. அலையடித்துப் படகுகள் கவிழ்ந்தன. உதவி கேட்டு வானில் விட ஒரு தீச்சமிக்ஞைகூடக் கையில் இல்லை. கடலோரக் காவலுக்குத் தகவல் தாமதமாகத்தான் போனது. குளிர்ந்த நீரில் மணிக்கணக்கில் மிதந்தவர்களில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள்.

அந்த மையத்தில் வேலையை விட்டுப்போன வேறு இரண்டு பயிற்றுநர்கள் அதற்கு முந்தைய ஆண்டே, பாதுகாப்புக் குறைகளைச் சொல்லி அதை நடத்திய நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். அவர் சிறை சென்றதற்கு அந்தக் கடிதம் முக்கியக் காரணம். 1994இல் நிறுவனமே மரணத்துக்குக் காரணமான குற்றவாளி எனத் தீர்ப்பானது, இங்கிலாந்தில் முதன்முறையாக. மறு ஆண்டே இத்தகைய மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது.

ஆகவே நம் ஊரிலும் முகாம் நடத்துபவர்களிடம் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். பயிற்றுநரின் சான்றிதழ் எந்த அமைப்பு கொடுத்தது, அது எந்த நிலை? ஒருவர் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள்? சிக்னல் இல்லாத இடத்தில் தகவல் எப்படிப் போகும்? குறித்த நேரத்துக்குத் திரும்பாவிட்டால் யார், எத்தனை மணிக்கு உதவி கேட்பார்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அனுப்ப வேண்டாம் என்பேன்.

கால் கொப்புளம், குளிர், வீட்டு நினைப்பு எல்லாம் முகாமில் சகஜம். சாப்பாட்டை நிறுத்துவதும், அடிப்பதும், காய்ச்சலோடு நடக்கவைப்பதும் பயிற்சி அல்ல. பொறுப்பில் இருப்பவர் குழந்தையைத் துன்புறுத்தினால் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவில் சிறைத் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098ஐப் பிள்ளையே அழைக்கலாம். பாலியல் அத்துமீறலை அறிந்தும் புகார் செய்யாமல் மறைப்பது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டத்தில் தனிக் குற்றம்.

விபத்து நேர்ந்தால், கையெழுத்துப் போட்டோமே என்று பெற்றோர் ஒடுங்கிவிடுகிறார்கள். கவனக்குறைவால் உயிர் போனால் அந்தப் பொடி எழுத்து போலீஸ் வழக்கைத் தடுக்காது. மருத்துவச் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி, ரசீது எதையும் அழிக்காதீர்கள். கூட இருந்த பிள்ளைகள் சொல்வதை அன்றே எழுதிவையுங்கள். புகாரை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கட்டணம் வாங்கிய தனியார் நிறுவனத்தின் மீது இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பள்ளியே நடத்திய முகாம் என்றால் அந்த வழி இடுக்கமானது. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது எனத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் சொல்லியிருக்கிறது. அப்போது உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க வேண்டியிருக்கும். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.